பம்பாயில் பிறந்த கிப்ளிங்கும் 'நாம்' என்ற சொல்லும்

(நம் சங்கத்தின் மாதாந்திர வாசிப்புக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை, சற்றே சுருக்கி இங்கு தரப்படுகிறது.)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ருட்யார்டு கிப்ளிங் என்ற ஆங்கில எழுத்தாளரைப் பற்றி. தண்ணீர்க் குழாயிலிருந்து ரேஷன் அட்டை வரை நமக்கு ஆயிரம் குறைகள் இருக்க, வெள்ளைக்காரன் எழுதிய கதை நமக்கு எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

முதலாவது, அவர் நாம் பிழைக்க வந்திருக்கும் இதே ஊரில் பிறந்தவர். இரண்டாவது, இந்தியாவின் உழைக்கும் மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை உலகம் பல பத்தாண்டுகள் அவருடைய எழுத்தின் வழியாகவே பார்த்தது. நம் பிள்ளைகள் அவர் எழுதிய 'இஃப்' என்ற கவிதையை மனப்பாடம் செய்கிறார்கள். அவருடைய மௌக்லியைத் திரைப்படத்தில் பார்த்துக் கைதட்டுகிறார்கள். ஆகவே, இந்த மனிதர் யார், நம்மைப் போன்றவர்களை இவர் என்னவென்று எழுதி வைத்தார் என்று தெரிந்துகொள்வது நம் கடமை.

அவரைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. கலைக்கு அரசியல் ஏது, எழுத்தை மட்டும் ரசியுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. நாம் இந்த இரண்டு பக்கமும் சேராமல், உழைப்பாளியின் கண்ணோடு அவரைப் படித்துப் பார்ப்போம்.

ஆயாவின் மொழி

கிப்ளிங் 1865 டிசம்பர் 30 அன்று பம்பாயில் பிறந்தார். தந்தை ஜான் லாக்வுட் கிப்ளிங், ஜே. ஜே. கலைப்பள்ளியில் சிற்பம் கற்பிக்க அந்த ஆண்டில்தான் இங்கே வந்து சேர்ந்திருந்தார். அந்தப் பள்ளியின் வளாகத்தில்தான் மகன் பிறந்தான். பிறந்த இடம் என்று இன்றும் அங்கே பலகை இருக்கிறது.

அந்தத் தந்தையின் வேலைப்பாட்டை உங்களில் பலர் அறியாமலே பார்த்திருக்கிறீர்கள். கிராஃபோர்டு மார்க்கெட் என்று நாம் சொல்லும் மகாத்மா ஜோதிபா புலே மண்டியின் முகப்பில் உழவர்களின் உருவங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றை வடிவமைத்தவர் லாக்வுட் கிப்ளிங். அந்த வாசலில் மூட்டை சுமந்த நம் தோழர்களின் தலைக்கு மேலே, கல்லால் ஆன உழவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக நிற்கிறார்கள்.

மகனை வளர்த்தவர்கள் வேலைக்காரர்கள். கிறித்தவரான ஓர் ஆயா, மீட்டா என்ற இந்து வேலையாள். காலையில் ஆயா பழச்சந்தைக்குக் கூட்டிப்போவார். பிற்பகலில் இருவரும் கதை சொல்லித் தூங்கவைப்பார்கள். மாலையில் குழந்தைக்கு உடை மாற்றி, அப்பா அம்மாவிடம் இங்கிலீஷில் பேசு என்று சொல்லி உள்ளே அனுப்புவார்கள். அந்த வெள்ளைக்காரக் குழந்தை, வேலைக்காரர்களின் மொழியில் சிந்தித்து, அதைத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தாய் தந்தையிடம் பேசியது. அவர் இறந்த பின் 1937-இல் வெளியான தன் வரலாற்று நூலில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

தாய்மார்களே, இது உங்களுக்குப் புதிதல்லவே! தெருவில் இந்தியும் மராத்தியும் பேசிவிட்டு வரும் பிள்ளையிடம், 'வீட்டுக்குள்ளே தமிழ் பேசுடா' என்று நீங்கள் சொல்வதில்லையா? பிழைக்க வந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு மொழி உண்டு. ஆட்சி செய்ய வந்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் அன்று இரண்டு மொழி இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் இரண்டாவது மொழி கூலி வாங்கிக்கொண்டு அவனைத் தூக்கி வளர்த்தவர்களின் மொழி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மீட்டாவின் பெயரை எழுதிய கிப்ளிங், தன்னை மார்போடு அணைத்து வளர்த்த அந்தப் பெண்ணின் பெயரை அந்த நூலில் எழுதவில்லை. 'என் ஆயா' என்பதோடு சரி. அன்பு இருந்தது, பெயர்தான் இல்லை. கிப்ளிங்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் வேறு கிடையாது.

ஒரு ரூபாய்ப் புத்தகம்

1871-இல், ஆறு வயது நிரம்பும் முன்பே, அவரும் தங்கையும் இங்கிலாந்தில் கூலிக்குக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் ஒரு வீட்டில் விடப்பட்டார்கள். ஆட்சியாளர் குடும்பங்களில் அது வழக்கம். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அந்த வீட்டில் அடியும் அவமானமும் பட்டான் அந்தச் சிறுவன். பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து உழைக்கும் நம் பெற்றோர்களுக்கு அந்தப் பிரிவின் வலி தெரியும்.

1882-இல், பதினாறு வயதில், அவர் திரும்பி வந்து பம்பாயில் இறங்கினார். இறங்கியதும் பழைய வாசனையும் பழைய காட்சியும் பட்டு, தனக்கே பொருள் மறந்துபோன இந்துஸ்தானி வாக்கியங்கள் தன் வாயிலிருந்து வந்தன என்கிறார். பிறகு லாகூரில் 'சிவில் அண்ட் மிலிட்டரி கெஜட்' பத்திரிகையில் துணையாசிரியர் வேலை. 1887-இல் அலகாபாத் 'பயனியர்' பத்திரிகை. பத்திரிகைக்காரராகப் படைமுகாம், கடைத்தெரு, ரயில் நிலையம், நீதிமன்றம் எல்லாம் சுற்றினார். இருபத்திரண்டு வயதில், 1888-இல், மலைப்பகுதிக் கதைகள் நாற்பதைத் தொகுத்து வெளியிட்டார்.

அதே ஆண்டில் அலகாபாத் வீலர் கம்பெனி, ரயில் பயணிகளுக்காக அவருடைய கதைகளைச் சிறு புத்தகங்களாக வெளியிட்டது. வடநாட்டு ரயில் நிலையங்களில் நாம் பார்த்துப் பழகிய வீலர் புத்தகக் கடைகளின் அதே வீலர்தான். புத்தகம் ஒன்று ஒரு ரூபாய். அன்றைய கூலிக்காரன் அதை வாங்கியிருக்க முடியாது. முதல் வகுப்பில் போகிற துரைமாருக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் என்று எழுதப்பட்டவை அவை. அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் அதைப் படிக்கப் போவதில்லை என்பது எழுதும்போதே அவருக்குத் தெரியும். ஒருவன் முகத்துக்கு நேரே அவனைப் பற்றிப் பேசுவது ஒரு விதம். அவன் கேட்க மாட்டான் என்ற தைரியத்தில் பேசுவது வேறு விதம்.

1889-இல் அவர் இந்தியாவை விட்டுப் போனார். புகழ் அவருக்கு முன்பாகவே லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

மௌக்லியும் பென்ஷனும்

அவருடைய திறமையை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. 'கிம்' என்ற நாவலை (1901) எடுத்துக்கொள்ளுங்கள். லாகூர் தெருவில் வளரும் அநாதை வெள்ளைக்காரப் பையனும் திபெத்திய லாமாவும் வடநாட்டின் பெருஞ்சாலையில் நடக்கிறார்கள். அந்தச் சாலையில் போகும் வண்டிக்காரர், கடன்காரர், கிழவியர், படையாட்கள் என்று ஒவ்வொருவர் பேச்சும் நம் காதில் விழுகிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் வேறு எவரும் அவ்வளவு கூர்ந்து கேட்டு எழுதியதில்லை. ஆனால் அந்தப் பையன் கடைசியில் என்ன ஆகிறான்? பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஆளாகிறான்.

'ஜங்கிள் புக்' (1894) அவர் அமெரிக்காவில் வெர்மான்ட்டில் வாழ்ந்தபோது எழுதியது. ஓநாய் வளர்த்த மௌக்லியைக் காட்டு ஓநாய்களும் விரட்டுகின்றன, கிராமத்து மனிதர்களும் கல்லெறிந்து விரட்டுகிறார்கள். அங்கேயும் அந்நியன், இங்கேயும் அந்நியன். இந்த ஊரில் 'மதராசி' என்றும், சொந்த ஊருக்குப் போனால் 'பம்பாய்க்காரன்' என்றும் பெயர் வாங்கிய நமக்கு அந்தப் பிள்ளையின் துக்கம் நன்றாகவே புரியும். ஆயாவுக்கும் பெற்றோருக்கும் நடுவே, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கிழிபட்ட ஒரு குழந்தைதான் இதை எழுதியிருக்க முடியும்.

ஆனால் திரைப்படம் காட்டாத இன்னொரு கதை இருக்கிறது. 1893-இல் வெளிவந்தது. அதில் மௌக்லி வளர்ந்த வாலிபன். காட்டையே தன் வீடாகக் கொண்ட அவனுக்குக் கிப்ளிங் கொடுத்த வாழ்வு என்ன தெரியுமா? வனத்துறையில் அரசாங்க உத்தியோகம், கடைசியில் பென்ஷன்! காட்டின் அரசனையும் வெள்ளைக்கார அதிகாரியின் கீழ் ஊழியனாக நிறுத்தினால்தான் அவர் மனம் அமைதி அடைகிறது. ஓர் இந்தியனைத் தனக்குத்தானே எஜமானனாகக் கற்பனை செய்து பார்க்க அவரால் முடியவே இல்லை.

பாலம் கட்டியவர்கள்

தோழர்களே, இப்போது நாம் சொல்லப்போகும் கதையைக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். 'பாலம் கட்டியவர்கள்' என்பது அதன் பெயர், 1893-இல் வந்தது. கங்கையின் குறுக்கே 27 தூண்களோடு ஒரு பெரும் பாலம் எழுகிறது. ஐயாயிரம் தொழிலாளர்கள் ஆற்றங்கரையில் குடிசை போட்டு மூன்று ஆண்டுகள் உழைக்கிறார்கள். நடுவே காலரா வருகிறது, பிறகு அம்மை வருகிறது. தலைமை எஞ்சினியர் ஃபிண்ட்லேசன், இந்தப் பாலம் முடிந்தால் தனக்கு அரசாங்கப் பட்டம் வரும் என்று காத்திருக்கிறார்.

அந்த ஐயாயிரம் பேரில் ஒருவனுக்கு மட்டும் உயிரும் உருவமும் கொடுக்கிறார் கிப்ளிங். பெரூ என்ற கடலோடி. இங்கிருந்து குஜராத் போகும் ரயில் பாதையில் வல்சாட் இருக்கிறதே, அந்த ஊர்க்காரன். கப்பல் வேலையில் உலகத் துறைமுகங்களைப் பார்த்தவன். கனமான இரும்பைத் தூக்கி நிறுத்தும் வேலையில் அவனுக்கு நிகர் இல்லை. அவனுடைய திறமைக்கு எந்தக் கூலியும் தகும், ஆனால் வழக்கத்தில் உள்ள கூலிதான் அவனுக்குக் கிடைத்தது என்று கதாசிரியரே ஒப்புக்கொள்கிறார். 'வழக்கக் கூலி' என்ற இந்தச் சொல்லை நாம் எத்தனை மேஸ்திரிகள் வாயில் கேட்டிருக்கிறோம்!

ஓர் இடத்தில் பெரூ, கங்கைக்கு நாம் கடிவாளம் போட்டுவிட்டோம் என்று பெருமையோடு சொல்கிறான். அந்த 'நாம்' என்ற சொல்லைக் கேட்டு எஞ்சினியர் புன்னகை செய்கிறார்.

இந்த ஒரு புன்னகையில் ஏகாதிபத்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கயிறு கட்டியவன் பெரூ. இரும்பை ஏற்றியவன் பெரூ. வெள்ளம் வந்த இரவில் எஞ்சினியரோடு ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டவனும் பெரூ. ஆனாலும் அவன் 'நாம்' என்று சொன்னால் அது சிரிப்புக்கு உரியது! இந்த நகரத்தின் மேம்பாலங்களையும் அடுக்குமாடிகளையும் பார்த்து, 'இது நாம் கட்டியது' என்று நம்மில் ஒருவர் சொன்னால் இன்றைக்கும் அதே புன்னகை சிலர் உதட்டில் வரும். திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

ஆனாலும் அந்த 'நாம்' என்ற சொல்லைக் கிப்ளிங் எழுதி வைத்தார். எங்கோ ஒரு பாலத்தடியில் தன் காதில் விழாத ஒன்றை அவர் எழுதியிருக்க மாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர் கேட்டார், ஆனால் அதற்குப் பொருள் கொடுக்க மறுத்தார்.

தாது வருஷத்துப் பஞ்சம்

இனி நம் சொந்த மண்ணுக்கு வருவோம். 1891 இறுதியில் கிப்ளிங் ஆஸ்திரேலியாவிலிருந்து கொழும்பு வந்து, இந்தியாவின் தென்முனை வழியாக லாகூருக்கு ரயிலில் போனார். நான்கு இரவும் நான்கு பகலும் பயணம். சுற்றிலும் பேசப்பட்ட பேச்சில் ஒரு சொல்கூடத் தனக்கு விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். இந்தியாவை அறிந்தவர் என்று உலகம் கொண்டாடிய மனிதருக்கு நம் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

நான்கு ஆண்டுகள் கழித்து அவர் சென்னை மாகாணத்துப் பஞ்சத்தைப் பற்றி ஒரு கதை எழுதினார். 'வில்லியம் தி கான்கரர்' என்று பெயர். 1895-96-இல் பத்திரிகையில் வந்து, 1898-இல் நூலில் சேர்ந்தது. பஞ்சாபிலிருந்து அதிகாரிகள் நிவாரண வேலைக்காகத் தெற்கே வருகிறார்கள். அவர்கள் கொண்டுவந்த கோதுமை முதலிய வடநாட்டுத் தானியத்தைப் பட்டினி கிடக்கும் மக்கள் தொடமாட்டேன் என்கிறார்கள், நெல்தான் வேண்டும் என்று அழுகிறார்கள். ஸ்காட் என்ற அதிகாரி அந்தத் தானியத்தை ஆடுகளுக்குப் போட்டு, அந்த ஆட்டுப்பாலைக் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஊட்டிக் காப்பாற்றுகிறார். கடைசியில் அவருக்கும் ஓர் ஆங்கிலப் பெண்ணுக்கும் காதல் கைகூடுகிறது. லாகூரில் கிறிஸ்துமஸ் நடனம்.

கதை உருக்கமானதுதான். காய்ச்சலிலும் வேலை செய்த நல்ல அதிகாரிகள் இருந்ததும் பொய்யல்ல. ஆனால் அந்தக் கதையில் நம் மக்கள் எங்கே? எலும்பும் தோலுமாக, அழும் கூட்டமாக வருகிறார்கள், போகிறார்கள். ஸ்காட்டின் வடநாட்டு வேலைக்காரனுக்குப் பெயர் உண்டு. செத்துக்கொண்டிருக்கும் தமிழனும் தெலுங்கனும் வெறும் கூட்டம்.

இன்னொன்றையும் கேட்போம். அந்த மக்களுக்கு உரலில் நெல் குத்தத்தான் தெரியும், வடநாட்டுத் திரிகை தெரியாது என்கிறது கதை. நம் பாட்டிமார் திரிகையில் கேழ்வரகு அரைத்துக் களி கிண்டவில்லையா? சேலம், தர்மபுரிப் பக்கத்து ஏழைக்கு நெல்லுச்சோறு என்பது நோன்புக்கும் திருநாளுக்கும்தானே! கம்பும் சோளமும் கேழ்வரகும்தானே அன்றாட உணவு! நம் பேச்சில் ஒரு சொல் தெரிந்திருந்தால், நம் அடுப்பங்கரையில் என்ன வேகிறது என்று கேட்டிருக்கலாம். கேட்காததால் தெற்கத்தியான் என்றாலே அரிசி தின்பவன் என்று எழுதிவிட்டார்.

உண்மையில் நடந்தது என்ன? நம் முன்னோர் தாது வருஷத்துப் பஞ்சம் என்று சொல்வார்களே, அது 1876 முதல் 1878 வரை நடந்தது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் லிட்டன் பிரபு பெரும் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியச் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார். அதே மாதத்தில், செலவைக் குறைப்பதற்காக ரிச்சர்டு டெம்பிள் என்பவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் மண் வெட்டும் ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார் டெம்பிள். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. பெண்ணுக்கு அதற்கும் குறைவு. கிப்ளிங்கின் புத்தகம் ஒன்றின் விலை, அந்தக் கூலிக்காரன் பதினாறு நாள் வாங்கும் அணாக்காசு.

மாகாணச் சுகாதாரத் தலைவராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்ற ஆங்கிலேயரே, இந்த அளவில் உழைக்கும் மனிதன் உயிர் வாழ முடியாது என்று எதிர்த்து எழுதினார். 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி அந்தக் கொடுமைகளை 1878-இல் நூலாகவே வெளியிட்டார். பஞ்ச ஆண்டுகளிலும் தானியம் கப்பலேறி வெளிநாடு போனது. மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். சென்னையின் பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது. கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் வைத்தார்கள், வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

அந்தப் பஞ்சம் விரட்டித்தான் நம் மக்கள் ஆயிரமாயிரமாக இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் வேறு சீமைகளுக்கும் போனார்கள். தமிழனின் புலம்பெயர்வு என்ற நெடுங்கதையில் அது ஒரு பெரிய அத்தியாயம். அந்தக் கதையின் நாயகர்கள் பஞ்சாபிலிருந்து வந்த அதிகாரிகள் அல்லர். தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நடந்தவர்கள்தான்.

பத்துப் பவுன்

கிப்ளிங்கின் அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1888 டிசம்பரில் அலகாபாத்தில் காங்கிரஸ் கூடியபோது அதைக் கேலி செய்து எழுதினார். படித்த இந்தியனைக் கண்டால் அவருக்கு ஆகாது. உழவனும் சிப்பாயும் தண்ணீர் சுமப்பவனும் பிடிக்கும், ஏனெனில் அவர்கள் உரிமை கேட்கவில்லை. படைக்குத் தண்ணீர் சுமந்த கங்கா தீன் என்ற பிஷ்தியைப் பற்றி 1890-இல் புகழ்பெற்ற கவிதை எழுதினார். உயிரோடு இருக்கும்வரை ஏச்சும் அடியும், குண்டடிபட்டுச் செத்த பிறகு பாராட்டு.

1899-இல் அமெரிக்கா பிலிப்பைன்ஸ் நாட்டைப் பிடித்துக்கொண்டபோது, பிற இனத்தாரை ஆள்வது வெள்ளையன் சுமக்க வேண்டிய பாரம் என்று கவிதை பாடினார். அதே ஆண்டில் லாபூஷேர் என்ற ஆங்கிலேயரே, பாரம் சுமப்பவன் மாநிறத்து மனிதன்தான் என்று பதில் கவிதை எழுதினார். இங்கிலாந்திலும் நியாயம் பேசியவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

1907-இல் கிப்ளிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதுபவர் ஒருவருக்கு இலக்கியத்துக்காக அது கிடைத்தது அதுவே முதல் முறை.

1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் ஜெனரல் டயர் சுட்டுத் தள்ளினார். அரசாங்கக் கணக்குப்படியே 379 பேர் மாண்டார்கள். ஆயிரத்துக்கும் மேல் என்றது இந்தியத் தரப்பு. கிப்ளிங் இளமையில் வாழ்ந்த லாகூருக்கு மிக அருகில் உள்ள ஊர் அது. அந்தத் தெருக்களின் பேச்சு அவருக்குத் தெரியும். டயர் பதவி இழந்ததும் 1920-இல் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகை அவருக்காக நிதி திரட்டியது. 26,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. கிப்ளிங் கொடுத்தது 10 பவுன். தொகை சிறிதுதான், ஆனால் யார் பக்கம் நின்றார் என்பதை அந்தப் பத்துப் பவுன் சொல்லிவிடுகிறது.

அவருடைய ஒரே மகன் ஜான் முதல் உலகப் போரில், 1915 செப்டம்பரில், பதினெட்டு வயதில் பிரான்சில் மாண்டான். கண்பார்வை சரியில்லை என்று படையில் சேர்க்க மறுக்கப்பட்ட பையனைச் செல்வாக்கைப் பயன்படுத்திச் சேர்த்துவிட்டவர் தந்தைதான். அவர் உயிரோடு இருக்கும்வரை மகனின் உடல் அடையாளம் காணப்படவில்லை. பிறகு அந்தத் தந்தை போர்க்கல்லறை ஆணையத்தில் சேர்ந்து, இறந்த ஒவ்வொரு சிப்பாய்க்கும் நினைவுக் குறிப்பு வேண்டும் என்பதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். பிரான்சில் மாண்ட இந்து சிப்பாய்க்கும் ஒரு கல்லறைக் கவிதை எழுதினார். மகனை இழந்த தகப்பனின் துயரம் எதிரிக்கும் வரக்கூடாத துயரம். பெயர் இல்லாமல் புதைக்கப்படுவது என்றால் என்ன என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனால் அதன் பின்னும் டயருக்குப் பத்துப் பவுன் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும். 1936 ஜனவரி 18 அன்று அவர் காலமானார்.

நாம் செய்ய வேண்டியது

ஆக, நம் பிள்ளைகள் கிப்ளிங்கைப் படிக்கலாமா? தாராளமாகப் படிக்கட்டும். ஆங்கிலம் எப்படி எழுதுவது, தெருப்பேச்சை எப்படிக் காதில் வாங்குவது என்று அவரிடம் கற்கட்டும். ஆனால் படிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்தக் கதையில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை?

இந்தக் கேள்வி கிப்ளிங்கோடு முடியாது. வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆனால் பெயரில்லாத கூட்டம் இன்னும் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது இந்த நாட்டின் நெடுஞ்சாலைகளில் நடந்தவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள். எத்தனை புலம்பெயர் தொழிலாளர் மாண்டார்கள் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டதற்கு, அப்படி ஒரு கணக்கு இல்லை என்று அரசு பதில் சொன்னது. கணக்கே இல்லை என்றால் பெயர் எங்கிருந்து வரும்?

நம்மை எழுத இன்னொரு நல்ல துரை வருவார் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை பாட்டியின் பக்கத்தில் உட்காரட்டும். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்த ஆண்டு வந்தோம், ஏன் வந்தோம், முதல் வேலை என்ன, முதல் கூலி எவ்வளவு, எந்தக் கட்டடம் கட்டினோம், எந்தத் தோல் பதனிட்டோம், எந்த ஆலையில் நின்றோம், யார் கைகொடுத்தார், யார் விரட்டினார் என்று கேட்டு எழுதட்டும். பெண்கள் செய்த வேலையை விட்டுவிடாமல் எழுதட்டும். அந்த ஆயாவின் பெயரைப் போல நம் தாய்மாரின் பெயரும் தொலைந்துபோக விடக்கூடாது. எழுதியதைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மாதம் ஒரு குடும்பத்தின் வரலாற்றை இந்த ஏட்டில் அச்சிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறோம்.

பாலத்தடியில் பெரூ 'நாம்' என்றபோது ஓர் எஞ்சினியர் புன்னகை செய்தார். அதே சொல்லை நாம் சொல்லும்போது ஊரும் ஆண்டும் ஆளின் பெயரும் சேர்த்துச் சொல்வோம். அப்போது கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், எழுதிக்கொள்வார்கள்.